டிமக்ஸ், நோஹப், மோஷ்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் பக்கங்களை, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற நிரலை வைத்து எழுத்தாக மாற்றுவது என் வேலை. ஒரு தொகுப்பை ஏற்றிவிட்டால் சில சமயம் இரவு முழுக்க ஓடும், சில சமயம் இரண்டு மூன்று நாள் இழுக்கும். ஓடுவது மும்பையில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில். நான் உட்கார்ந்திருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். நடுவில் இருக்கிற இணைப்பைத்தான் நம்ப முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். சித்திரை வெயிலில் யூபிஎஸ் பேட்டரியும் சீக்கிரமே கையை விரித்துவிடும். இணைப்பு போனாலும் வேலை சாகாமல் காக்கும் கருவிகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இங்கே மோடம் அணைந்தால் அங்கே ஓடுகிற வேலை ஏன் சாக வேண்டும்? தொலைவில் இருக்கிற சர்வரில் கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு போய்விட்டது என்று சர்வருக்குத் தெரிந்ததும் அந்தக் கட்டளைத் திரை (டெர்மினல்) மூடப்படும். லினக்ஸின் மையமான கர்னல், நம் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்லுக்கு சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பும். ஷெல் அதைத் தன் கீழே ஓடுகிறவற்றுக்குக் கைமாற்றிவிடும். அதைச் சமாளிக்க ஏற்பாடு செய்யாத புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரண்ட் போன உடனே இது நடக்காது. நாம் காணாமல் போனதைச் சர்வர் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் சின்ன வேலைகள் தப்பித்து முடிந்துவிடும், பெரியவை மாட்டிக்கொள்ளும். 'போன வாரம் ஒண்ணும் ஆகலையே' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

முதலில் எல்லோரும் கற்றுக்கொள்வது நோஹப். கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டு, கடைசியில் ஆம்பர்சண்ட் (&) வைத்தால் போதும். சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாமல் வேலை ஓடும், திரையில் வரவேண்டியதெல்லாம் நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேரும். எதையும் நிறுவத் தேவையில்லை. ஒரு முறை ஓடி முடிகிற வேலைக்கு இன்றும் இதைத்தான் போடுகிறேன். பைதான் நிரல் என்றால் மட்டும் கவனம் வேண்டும். அது எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் கோப்பில் தள்ளும். மணிக்கணக்கில் கோப்பு காலியாகவே கிடக்கும், வேலை நின்றுவிட்டதோ என்று பதறுவோம். பைதானுக்கு மைனஸ் யூ (-u) கொடுத்தால் வரிக்கு வரி வந்துவிடும். நோஹப்பின் உண்மையான குறை வேறு. வேலை நடுவில் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. ஒரு முறை விட்டுவிட்டுப் போனால் அந்தத் திரைக்குத் திரும்ப முடியாது.

அதற்குத்தான் ஸ்கிரீன், டிமக்ஸ். ஸ்கிரீன் 1987லிருந்து இருக்கிறது, டிமக்ஸ் 2007ல் வந்தது. இரண்டும் செய்வது ஒன்றேதான்: நம் ஷெல்லை எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குக் கீழே வைக்காமல், சர்வரிலேயே தனியாக ஓடுகிற ஒரு புரோகிராமின் கீழே வைக்கின்றன. இணைப்பு போனால் நாம் பார்க்கிற ஜன்னல் மட்டும்தான் மூடும். திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் என்று கொடுத்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். நாமாக வெளியே வர கன்ட்ரோல் பி, அப்புறம் டி. ஸ்கிரீனில் அதே வேலைக்கு கன்ட்ரோல் ஏ, அப்புறம் டி. பாஷ் என்ற ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போக நான் எந்நேரமும் அழுத்துவதும் அதே கன்ட்ரோல் ஏ என்பதால்தான் டிமக்ஸ் பக்கம் சாய்ந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.

நாள்பட்ட பிறகு தெரிகிற தொந்தரவுகள் சில உண்டு. டிமக்ஸ் இயல்பாக 2000 வரிகள்தான் நினைவில் வைக்கும். நீளமான வேலையில் முதல் பிழை எங்கே வந்தது என்று மேலே போய்ப் பார்த்தால் அது எப்போதோ ஓடிப்போயிருக்கும். அமைப்புக் கோப்பில் ஹிஸ்டரி லிமிட்டை ஏற்றிவிடலாம், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு அது செல்லாது. இன்னொன்று, நம் சாவியை வைத்துக்கொண்டு நமக்காக அனுமதி வாங்கித் தரும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட். இணைப்பு போய்த் திரும்ப வந்தால் டிமக்ஸுக்குள் ஓடுகிற செஷன் உயிரோடு இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற ஷெல்லுக்குப் ஏஜென்ட்டோடு பேசுகிற பழைய வழியின் (சாக்கெட்) முகவரிதான் தெரியும். நிரலை வேறு சர்வருக்கு அனுப்ப கிட் புஷ் கொடுத்தால் அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். மாறாத ஒரு பெயரில் சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) போட்டு வைத்தால் சரியாகிவிடும்.

தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் மேலான தலைவலி, எழுத்து. டெர்மினல் என்பது கட்டம் கட்டமாக எண்ணி வைத்த திரை. நம் கொம்பும் காலும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் டிமக்ஸுக்கும் டெர்மினலுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். ஜன்னலை இரண்டாகப் பிரித்திருந்தால் நடுக்கோடே வளைந்து நெளியும். டெசராக்ட் தப்பாகப் படித்ததா, திரை தப்பாகக் காட்டுகிறதா என்றே தெரியாது. செஷனுக்குள் பக்க எண்ணும் பிழைச் செய்தியும் மட்டும் ஆங்கிலத்தில் ஓடட்டும், உரையைப் பிரவுசரில் திறந்து பாருங்கள் என்பதே என் யோசனை.

எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாகப் பயன்படும் மோஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012ல் எம்ஐடியிலிருந்து வந்தது. நிலையான தொடர்பு தேவைப்படாத யூடிபி நெறியில் ஓடுவதால் வைஃபையிலிருந்து செல்போன் டேட்டாவுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் இணைப்பு தானாகத் தொடரும். காட்பாடியிலிருந்து பெங்களூரு ரயிலில் போகும்போது ஜோலார்பேட்டை தாண்டி சிக்னல் போய்ப் போய் வரும். எஸ்எஸ்ஹெச் அந்த இடத்தில் உறைந்து நிற்கும், மோஷ் சிக்னல் வந்ததும் எழுந்துகொள்ளும். ஆனால் மோஷ் இருந்தால் டிமக்ஸ் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. லேப்டாப்பே அணைந்துவிட்டால் பழைய மோஷ் செஷனுக்குள் திரும்ப வழியில்லை. மேலே உருட்டிப் பார்க்கிற வசதியும் அதில் இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். சர்வரின் ஃபயர்வாலில் 60000 முதல் 61000 வரையான யூடிபி போர்ட்களைத் திறக்க வேண்டும். அதை மறந்துவிட்டு மோஷைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

டிமக்ஸுக்குள் போட்டும் வேலை செத்துப்போனதாக யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியை. 2016ல் வந்த 230ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய புரோகிராம்களை எல்லாம் முடித்துவிடுவதை இயல்பாக்கினார்கள். பெரிய சண்டையே நடந்தது. பல லினக்ஸ் வெளியீடுகள் அதை அணைத்தே தருகின்றன. அணைக்காத சர்வரில் லாகின்சிடிஎல் எனேபிள் லிங்கர் என்ற கட்டளையைக் கொடுத்து, டிமக்ஸையே சிஸ்டம்டி ரன் மூலம் பயனர் ஸ்கோப்பில் (வெளியேறும்போது முடிக்கப்படாத தனிக் குழுவில்) தொடங்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் நினைவகம். ரேம் தீர்ந்தால் கர்னலே ஒரு புரோகிராமைத் தேர்ந்து கொல்லும், கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் அதன் தடயம் இருக்கும். சர்வர் ரீபூட் ஆனாலோ டிமக்ஸும் சேர்ந்து போய்விடும். டிமக்ஸ் ரெஸரக்ட் போன்ற சேர்க்கைகள் ஜன்னல் அடுக்கைத் திருப்பித் தரும், ஓடிக்கொண்டிருந்த கணக்கைத் தராது. அதனால் வேலையையே விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதுவது முக்கியம். என்னுடையது பக்கத்துக்கு ஒரு கோப்பு எழுதும். கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடும். பாதி எழுதிய கோப்பை முழுசு என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகுதான் உண்மைப் பெயருக்கு மாற்றும்.

பாகாயம் பக்கத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, எங்க டிபார்ட்மென்ட் சர்வர்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க. டிமக்ஸும் இல்ல, நான் இன்னா பண்றது?" ஸ்கிரீன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், இருந்தது. அதில் கன்ட்ரோல் ஏ இடிக்கிறது என்று தொடக்க விசையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டுகிறார். அதுவும் இல்லாத சர்வரில் நோஹப் போதும், வெளியீட்டைத் தானே ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு கோப்பின் கடைசி வரிகளை வர வரக் காட்டும் டெயில் மைனஸ் எஃப் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.