வெளி முற்றத்துக்கு டைல்ஸ் வாங்கப் போகிறீர்களா? எனக்குப் போன 41,300 ரூபாய் உங்களுக்கும் போக வேண்டாம்

நேற்று சாயங்காலம்தான் நான் டைல்ஸ் வாங்கிய கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க, வேணும்னா கேஸ் போட்டுக்குங்க." இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியில் போடும் டைல்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். பின்வாசலைத் திறந்தால் 20-க்கு 15 அடியில் ஒரு திறந்த முற்றம். துவைக்கிற கல், துளசி மாடம், அம்மா சாயங்காலம் உட்காரும் நாற்காலி எல்லாம் அங்கேதான். 1994-ல் வீடு கட்டும்போது அப்பா அங்கே பாலிஷ் போடாத கடப்பாக் கல் பாவியிருந்தார். எத்தனை மழை பெய்தாலும் அந்தக் கல் வழுக்கியதில்லை. ஆனால் கறுப்புக் கல். சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. இடுக்கில் சிமென்ட் பெயர்ந்து எறும்பு வேறு குடியேறிவிட்டது. சரி, மாற்றிவிடலாம் என்று இந்த மே மாதம் முடிவு செய்தோம்.

யோசிக்காமல் வாங்கவில்லை. அம்மாவுக்கு ஆத்தங்குடிக் கல் மேல் ஆசை. அது கூரைக்குக் கீழே, துடைத்துத் துடைத்து மெருகேற வேண்டியது, நேராக மழையும் வெயிலும் விழும் இடத்துக்குச் சரிவராது என்று காரைக்குடியில் இருக்கும் சித்தி சொன்னார். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் பார்த்தோம், கைக்கு எட்டவில்லை. கடைசியில் விட்ரிஃபைட், அதாவது அதிகச் சூட்டில் கெட்டியாகச் சுட்ட டைல்ஸ்தான் என்று முடிவானது. தண்ணீர் குடிக்காது, வெளிர் நிறத்தில் எடுத்தால் சூடும் குறைவு.

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஷோரூம் ஒன்றுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதுமே அம்மாவுக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். ஓனரே எழுந்து வந்தார். ஒரு டைல்ஸை எடுத்துத் தரையில் வைத்தார். பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். "அம்மா, செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க. நான் பிடிச்சுக்கறேன். வழுக்குதா? வழுக்காது. எங்க அம்மா நடக்குற இடத்துலயும் இதையேதான் போட்டிருக்கேன்" என்றார். சொல்லும்போது அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். அப்புறம் உடைந்த துண்டு ஒன்றைக் காட்டி, "பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கலர். தேய்ஞ்சாலும் தெரியாது" என்றார். நான் அந்தப் பேச்சில்தான் ஏமாந்தேன். தன் அம்மாவைச் சொல்லி ஒருவர் பொய் பேசுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சதுர அடி 70 ரூபாய். கழிவுக்கும் சேர்த்து 330 சதுர அடி, 33 பெட்டி, 23,100 ரூபாய். "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சன்ட் ஏறும், எதுக்கு வீணா?" என்று எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் டைல்ஸின் பெயர் இல்லை, ரகம் இல்லை. 'டைல்ஸ் 33 பெட்டி' என்று மட்டும் இருந்தது. அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒட்டுவதற்கு மேஸ்திரியையும் கடையே அனுப்பியது. கூலி 9,000, சிமென்ட், எம்-சாண்ட், இடுக்குப் பூச்சு 7,800, வண்டியும் இறக்குக் கூலியும் 1,400. மொத்தம் 41,300 ரூபாய். அப்பா போட்ட கடப்பாக் கல்லை எல்லாம் பெயர்த்து, வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டோம்.

முதல் பெட்டியைப் பிரித்ததும் மேஸ்திரி, "அக்கா, இது வெளியில போடுற டைல்ஸ்தானா?" என்று கேட்டார். நான் உடனே கடைக்குப் போன் போட்டேன். "அவனுக்கு என்ன தெரியும்? அதே டிசைன்தானே, ஒட்டச் சொல்லுங்க" என்று பதில். டிசைன் அதேதான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இடைவெளி விடாமல் ஒட்டினால்தான் அழகு என்று கடையில் சொல்லியிருந்ததால் ஒன்றோடு ஒன்று இடிக்கிற மாதிரி ஒட்டியும் முடித்தார்கள்.

மூன்றே வாரம். ஒரு மத்தியான வெயிலில் 'படீர்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் நடுவில் இரண்டு வரிசை கூடாரம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் டைல்ஸ் விரியும், விரிய இடம் வேண்டும், அதற்குத்தான் இடைவெளி விடுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற இடங்களில் தட்டினால் உள்ளே காலியாக டொக் டொக் என்கிறது. தூக்கியதில் ஒன்று மூலையில் உடைந்திருந்தது. மேலே மெல்லிசாக ஒரு பூச்சு, அடியில் செங்கல் நிறம்! கடையில் காட்டிய துண்டு மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம். இது வேறு சரக்கு. பின்பக்கம் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன், மண்சட்டி மாதிரி உறிஞ்சிக்கொண்டது. வீட்டுக்குள்ளே போடுகிற சாதாரண செராமிக் அது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பணம் போனது என்று தேற்றிக்கொண்டிருப்பேன். ஐப்பசி முதல் மழையில், துளசிக்கு விளக்கு வைக்கப் போன அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. 71 வயது. கட்டோடு உட்கார்ந்துகொண்டு "நான்தான் பார்த்து நடக்கலை" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொல்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

கடையில் சொன்ன பதில்களையும் கேளுங்கள். முதல் தடவை, "மேஸ்திரி ஒட்டுனது தப்பு." மேஸ்திரியைக் கேட்டால், "நான் அன்னைக்கே கேட்டேனே அக்கா." இரண்டாவது தடவை, "கம்பெனி ஆள் மோர்பியிலிருந்து வருவார், வந்து பார்ப்பார்." குஜராத்திலிருந்து யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை, "ஆசிட் ஊத்திக் கழுவினீங்களா?" என்று என்னையே குற்றம் சொன்னார்கள். நான்காவது தடவை நேரில் போனேன். மோர் கொடுத்த அதே பையன், "ஓனர் வெளியூர்" என்றான். உள்ளே கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு, "எங்க கடையில வாங்குனதுக்கு பில் எங்கே?" எஸ்டிமேட்டைக் காட்டினேன். "இதுல எந்த டைல்ஸ்னு இல்லையே, பெட்டியைக் கொண்டாங்க." பெட்டிகளை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. மாடிப்படிக்குக் கீழே தேங்காய் போட்டு வைத்திருந்த ஒரே ஒரு பெட்டி கிடைத்தது. அதில் முதல் தரத்துக்குப் போடும் 'பிரீமியம்' என்று இல்லை, அதற்கு அடுத்த தரமான 'ஸ்டாண்டர்டு' என்று அடித்திருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் மேலே எழுதியது.

41,300 ரூபாய். எங்கள் வீட்டில் இது சும்மா கிடந்த பணம் இல்லை. இனி இதைப் பெயர்த்தெடுக்கக் கூலி தனி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது மனசு ஒன்றில் நிற்கவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடையில் காட்டும் மாதிரியில் ஒன்றைக் காசு கொடுத்தாவது வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். சரக்கு வந்ததும் நீங்களே ஒன்றை உடைத்து அதோடு ஒப்பிடுங்கள், பின்பக்கம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால் ஒரு பெட்டியைக்கூட இறக்க விடாதீர்கள். விட்ரிஃபைட் என்றால் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மழை விழும் இடத்துக்கு வழுக்காத தரம் ஆர்11 இருக்கிறதா என்று கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள், தண்ணீர் ஓட வாட்டம் இருக்கிறதா பாருங்கள். ஒட்டுகிற மேஸ்திரி சந்தேகம் கேட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். ஒரு பெட்டியையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. எஸ்டிமேட், பெட்டியின் போட்டோ, பணம் அனுப்பிய விவரம், அம்மாவின் எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது எஸ்டிமேட் தாளை மட்டும் வைத்து வழக்குப் போட்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுபடி தூற ஆரம்பித்துவிட்டது. பின்வாசலில் சாக்கு விரிக்கணும், போகிறேன்.