பாரிசவாதத்துக்குப் பிறகு: விஆர் ஹெட்செட்டா, வீடியோ கேமா, கரம் பலகையா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் என்றால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை "விஆர் ஹெட்செட் ஒன்று அனுப்பட்டோ?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால், கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி அது. காசைக் கொட்டுவதற்கு முன், எந்த உறுப்புக்கு எது உதவும் என்று பார்த்துவிடுவோம்.

கைக்கு என் தெரிவு கரம் பலகையும் கடதாசிக் கட்டும்தான். 2016இல் லான்செட் நியூரோலஜி இதழில் வந்த எவ்ரெஸ்ட் ஆய்வில் நான்கு நாடுகளின் 141 நோயாளிகள் இருந்தார்கள். வழமையான சிகிச்சையோடு சேர்த்து ஒரு பிரிவினர், ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் விளையாடினார்கள். மற்றவர்களுக்குக் கடதாசி, டொமினோ, பிங்கோ, ஜெங்கா. இரு பிரிவினருக்கும் கை தேறியது. கேம் ஆடியவர்கள் முந்திவிடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வீ ரிமோட்டைத் தோளையும் உடம்பையும் ஆட்டியே அசைத்துவிடலாம். புள்ளி ஏறும், விரல் மடங்கியபடியே கிடக்கும். கரம் பலகையில் விரல் நீளாமல் காய் நகராது. பேச்சு பாதிக்கப்பட்டவர் ஆங்கில மெனுவோடு மல்லுக்கட்டவும் தேவையில்லை. எதிரே பேரப்பிள்ளை இருந்தால் இன்னும் ஒரு ஆட்டம் என்று நேரமும் நீளும்.

நிற்கப் பழகுவது வேறு கதை. அங்கே கேமுக்குத்தான் என் வாக்கு. வீயோடு பாவிக்கும், ஏறி நிற்கும் பலகையான பேலன்ஸ் போர்டில் நான்கு மூலையிலும் உணரிகள் உண்டு. பாரத்தை நல்ல காலிலேயே போட்டுக்கொண்டு நிற்பதை அது திரையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாயால் நூறு தரம் சொன்னாலும் நோயாளிக்கு அது இவ்வளவு தெளிவாகப் புரியாது. உற்பத்தி நின்றுவிட்டதால் பழையதைத்தான் தேட வேண்டும். பிடித்துக்கொள்ளக் கதிரையும், பக்கத்தில் ஆளும் கட்டாயம்.

சரி, ஹெட்செட்? சின்ன பிளாட்டில், ஹெட்செட் கண்ணை மறைத்த நிலையில், சமநிலை தளம்பும் ஒருவர் எழுந்து நிற்பது எனக்குப் பயமான விஷயம். சிலருக்குத் தலைசுற்றலும் வரும். இருந்தபடி, இயன்மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது பாவிக்கலாம். 72 பரிசோதனைகளை அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பின் 2017 மீளாய்வும், விஆரும் வீடியோ கேமும் வழமையான சிகிச்சைக்குப் பதிலாக வந்தால் கைக்கு மேலதிகப் பலன் இல்லை, அதற்கு மேலதிகமாகச் சேர்ந்து பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் உண்டு என்றே சொன்னது. ஆகவே ஹெட்செட் வந்துவிட்டது என்று கிளினிக் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

கை கொஞ்சமும் அசையாதவருக்குக் கரம் பலகையும் சரிவராது. அவருக்கு, நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சி பொருந்துமா என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு மேசையும் அதற்குப் போதும்.