நீலம் பூசிய வேலி, முடிச்சுப் போட்ட நூல்

மெக்சிகோ-அமெரிக்க எல்லையைக் கலையாக்கிய இரண்டு பெண்களில் யார் என்னை அதிகம் பாதித்தார்?

அனா தெரெசா ஃபெர்னாண்டஸ் மெக்சிகோவின் தம்பிகோவில் பிறந்தவர். 2011-இல் மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவின் கடற்கரையில் ஏணி போட்டு, கறுப்பு கவுனும் ஹை ஹீல்ஸுமாக ஏறி நின்று, எல்லை வேலிக்கு வான நீலம் பூசினார். தள்ளி நின்று பார்த்தால் கம்பிகள் வானத்தோடு கரைந்துவிடும். பார்த்த கணத்திலேயே நெஞ்சில் இடிக்கிற காட்சி அது.

தான்யா அகினிகாவுக்கோ எல்லை என்பது தினமும் போய்வந்த பாதை. அமெரிக்காவின் சான் டியேகோவில் பிறந்து திஹுவானாவில் வளர்ந்தவர். பள்ளிக்காக வருடக்கணக்கில் எல்லை தாண்டியவர். 2016-இல் தொடங்கிய ‘ஆம்போஸ்’ திட்டத்தில், எல்லைச் சாவடியில் காத்திருப்பவர்களிடம் இரண்டு நூல்களைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். கூடவே ஓர் அஞ்சலட்டை: கடக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது? பழைய தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் முடிச்சுகளில் கணக்கு வைத்த ‘கீபு’ கயிறுதான் இதற்கு முன்மாதிரி.

ஃபெர்னாண்டஸின் நீலம் அழகு, சந்தேகமில்லை. ஆனால் அதில் வேலியும் அவரும்தான் தெரிகிறார்கள். அகினிகாவின் நூல்களில் வரிசையில் கால்கடுக்க நின்றவர்களின் விரல்களே இருக்கின்றன. என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.