தடயவியல் ஆய்வக மேலாளருக்கு யார் துணை? அமெரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா: ஓர் ஒப்பீடு

போன மாதம் சிங்கப்பூர்த் தேக்காவில் தோசை சாப்பிட்டு முடித்துக் கோப்பிக்குக் காத்திருந்தபோது, முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, என்னைப் பிரிவுத் தலைவராப் போட்டுட்டாங்க. 11 வருஷம் கருவி முன்னாடி நின்னு பழகுன ஆளு நான். இப்ப எட்டுப் பேரோட லீவு, மனஸ்தாபம், பட்ஜெட், தணிக்கை எல்லாம் என் தலையில. இதை எங்க போய்க் கத்துக்குறது? அமெரிக்கச் சங்கத்துல சேரவா, நம்ம ஆசிய அமைப்பே போதுமா?"

கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. நல்ல வேதியியலாளரைப் பிடித்து மேலாளர் நாற்காலியில் உட்கார வைப்பது இந்தத் துறையில் எல்லா நாட்டிலும் நடப்பதுதான். நிறமாலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு, தேங்கிக் கிடக்கும் வழக்குகளில் எதை முதலில் எடுப்பது என்று முடிவெடுக்க யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் சிறியது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு ஆய்வகத்தைத் தேடிப் பக்கத்து மாநிலத்துக்குப் போக முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் அமெரிக்கா. ஏஎஸ்சிஎல்டி என்று அழைக்கப்படும் குற்றவியல் ஆய்வக இயக்குநர்கள் சங்கம் 1970களில் உருவானது. தடயவியல் சங்கங்கள் பலவும் அறிவியலை மையமாக வைத்தவை. அங்கே மேலாண்மை என்பது மாநாட்டின் கடைசி நாள் மதியத்தில் நடக்கும் ஓர் அமர்வாக இருக்கும். இந்தச் சங்கத்துக்கோ அதுவே முழு வேலை. தலைமைப் பயிற்சிக்கூடம், மூத்த இயக்குநர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்துவிடும் திட்டம், ஆண்டு மாநாடு என்று ஆய்வகத்தை நடத்துபவரை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்கள். பாடத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் நேரம் நமக்குப் பெரிய தடை. வாஷிங்டனில் பகல் ஒரு மணிக்கு நடக்கும் இணையவழிக் கருத்தரங்கு, கோடையில் நமக்கு நள்ளிரவு ஒரு மணி. அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டு மணி. ஆரம்பத்தில் ஆர்வமாக உட்கார்ந்தேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, காதில் கருவி, பக்கத்தில் ஆறிப்போன மைலோ. மூன்றாவது வாரம் பதிவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். பதிவில் பாடம் கிடைக்கும், கேள்வி கேட்க முடியாது. எனக்குத் தேவைப்பட்டதோ கேள்வி கேட்பதுதான்.

அமெரிக்கா தருகிற இன்னொரு பெரிய வளம் ஃபோர்சைட் திட்டம். மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி நடத்துகிறது. ஆய்வகங்கள் தங்கள் செலவு, ஆள்பலம், வழக்கு எண்ணிக்கை, முடிக்க எடுத்த நாள்கள் ஆகியவற்றைக் கொடுத்தால், மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டுத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். பட்ஜெட் கேட்டு மேலிடத்துக்குப் போகும்போது "ஆள் போதவில்லை" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதற்கும் எண்ணோடு சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த எண்ணை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் மட்டும் தவறாகிவிடும். போதைப்பொருள் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே டயமார்ஃபின், அதாவது ஹெராயின், 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை வரை போகும். அந்த 15 கிராம் என்பது பொட்டலத்தின் எடை இல்லை, உள்ளே இருக்கும் சுத்த டயமார்ஃபினின் எடை. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தே தீர வேண்டும். இரண்டு பகுப்பாய்வாளர்கள் தனித்தனியாகச் சோதித்து முடிவுகளை ஒப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஹெராயின் கலந்த கலவையின் மொத்த எடைதான் கணக்கு. அதனால் அங்கே பல வழக்குகளில் என்ன பொருள் என்று கண்டறிந்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டையும் "ஒரு போதைப்பொருள் வழக்கு" என்ற ஒரே தலைப்பில் வைத்து, "உங்கள் ஆள் ஏன் அவர்களைவிட மெதுவாக முடிக்கிறார்?" என்று யாராவது கேட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: எண்ணைக் காட்டும் முன் அது எதை எண்ணியது என்று பாருங்கள்.

வேகத்தை மட்டும் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் ஆனி டூக்கன் என்ற வேதியியலாளர் மற்றவர்களைவிடப் பல மடங்கு மாதிரிகளை முடித்துத் தள்ளினார். உண்மையில் பலவற்றைச் சோதிக்கவே இல்லை. 2012ல் விஷயம் வெடித்தது. 2017ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 21,000க்கும் அதிகமான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. சக ஊழியர்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. மேலாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிவுத் தலைவராகும் ஒவ்வொருவரும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

இனி ஆசியா. ஏஎஃப்எஸ்என் என்ற ஆசியத் தடயவியல் வலையமைப்பு 2008ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய தென்கிழக்காசிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று, நம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் வழியாக. ஆண்டுதோறும் வெவ்வேறு உறுப்பு நாட்டில் கூடுகிறார்கள். மரபணு, நச்சியல், போதைப்பொருள், நுண்தடயம், ஆவணப் பரிசோதனை என்று துறைவாரியாகப் பணிக்குழுக்கள் இருக்கின்றன. தரத்துக்கென்று தனிக் குழுவும் உண்டு.

பாடத்திட்டமாகப் பார்த்தால் இது அமெரிக்காவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மேலாண்மையை இங்கே யாரும் படிப்படியாக வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை. மொழியும் ஒரு தடை. அருமையான வேலை செய்கிறவர் ஆங்கிலத்தில் பேசத் தயங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் தெரிந்தும் நான் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் என் சொந்த அனுபவம்.

தடயவியல் பக்கம் வருவதற்கு முன், உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் சிறிய குழு ஒன்றைப் பார்த்துக்கொண்டேன். ஒரு தணிக்கை நாளில் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை ஆய்வாளர் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பதிவும் ஒரே பேனா, ஒரே மை அழுத்தம், ஒரே சாய்வு. 4.1, 4.0, 4.2 என்று எண்கள் மட்டும் மாறியிருந்தன. ஐந்து நாளையும் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது என் குழுவிலேயே நேர்மையான பெண். அந்த வாரம் இரண்டு பேர் விடுப்பு, மூவர் வேலையை அவள் ஒருத்தி செய்தாள். அவளைத் தனியே விட்டது நான்.

ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025 என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். விலகல் அறிக்கை, மூல காரணம், திருத்த நடவடிக்கை. அந்தப் பெண்ணிடம் மறுநாள் காலை எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று அதில் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மலேசியாவில் இருக்கும் ஒருவரை அழைத்தேன். வட்டாரப் பயிற்சி ஒன்றில் மூன்று நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், ஆய்வகப் பொறுப்பாளர். அவருக்கும் அதே ஒன்பது மணி. "முதல்ல அவகிட்ட அந்த வாரம் எப்படிப் போச்சுன்னு கேளுங்க. பதிவேட்டை அப்புறம் எடுங்க" என்றார். பிறகு தன் ஆய்வகத்தில் இதே மாதிரி நடந்ததையும், தான் கோபப்பட்டுப் பேசி ஒரு நல்ல ஆளை இழந்ததையும் சொன்னார். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால்தான், ஒரே நேர மண்டலத்தில், கிட்டத்தட்ட ஒரே அலுவலகப் பண்பாட்டில், மேலதிகாரியிடம் "முடியாது" என்று சொல்லத் தயங்கும் அதே மனநிலையில் வேலை பார்க்கும் ஒரு சகா கிடைக்கும் இடத்துக்கு நான் அதிக மதிப்பெண் போடுகிறேன்.

ஆஸ்திரேலியா இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெல்பர்னில் இருக்கும் தேசியத் தடயவியல் கழகம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வகங்களின் மூத்த மேலாளர்களை ஒன்றாகக் கொண்டுவருகிறது. மெல்பர்னோடு நமக்கு இரண்டு மணி நேர வித்தியாசம், கோடைக்கால நேரத்தில் மூன்று. பேச வசதி. ஆனால் அந்த மேசை அவர்களுடைய காவல்துறைகளுக்கும் அரசுகளுக்கும் போட்ட மேசை, நாம் விருந்தாளிகள். அந்நாட்டுத் தடயவியல் சங்கத்தின் மாநாடுகளுக்குத் தாராளமாகப் போகலாம்.

என்னைக் கேட்டால் ஆஸ்திரேலியாவிடமிருந்து நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடநூல் ஒரு விசாரணை அறிக்கை. குயின்ஸ்லாந்து அரசு ஆய்வகத்தின் மரபணுச் சோதனை பற்றி வால்டர் சோஃப்ரனாஃப் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, 2022 டிசம்பரில் இறுதி அறிக்கை வந்தது. 2018ல் அந்த ஆய்வகம் எடுத்த ஒரு முடிவு அதில் பிரித்துக் காட்டப்படுகிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.001 முதல் 0.0088 நானோகிராம் வரை மரபணு இருந்த மாதிரிகளை மேற்கொண்டு சோதிக்காமல், "மேற்கொண்டு ஆய்வு செய்யப் போதாது" என்று எழுதி அனுப்பினார்கள். முயன்றிருந்தால் அவற்றில் ஒரு பகுதியிலிருந்து பயன்படக்கூடிய முடிவு வந்திருக்கும். வேலைப்பளுவைக் குறைக்க வந்த யோசனை, மேலாளர் அறையில் எப்படிக் கொள்கையாக மாறியது, எதிர்த்துப் பேசிய விஞ்ஞானிகளுக்கு என்ன நேர்ந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை, யாரும் படிக்கலாம்.

ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1995ல் உருவான என்ஃப்சி என்ற ஐரோப்பியத் தடயவியல் ஆய்வகக் கூட்டமைப்பில் நாம் சேர முடியாது. ஆனால் துறைவாரியான சிறந்த நடைமுறைக் கையேடுகளை எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் முடிவை எப்படி எழுதுவது என்பதற்கான 2015 வழிகாட்டி நீதிமன்றத்துக்குப் போகும் எவருக்கும் உதவும். இறக்கிக்கொள்ளுங்கள். போதைப்பொருள் பிரிவு என்றால் ஐநாவின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் நடத்தும் கூட்டுச் சோதனைத் திட்டம் இருக்கிறது. தேசிய ஆய்வகங்கள் அதில் இலவசமாகப் பங்கேற்கலாம். முறை சரியா, கை சரியா என்று பார்த்துக்கொள்ள நல்ல கண்ணாடி.

வீட்டுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டுமே. தடயவியலுக்கென்று தேடினால் ஏமாற்றமாக இருக்கும். ஆட்களை நிர்வகிப்பது, நிதியறிக்கை படிப்பது போன்றவற்றுக்கு எது செல்லும் என்று பார்த்துப் பயன்படுத்துங்கள். அதைவிட நான் மதிப்பது சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டாளராகப் போவது. இன்னொருவர் ஆய்வகத்துக்குள் நுழைந்து, அவர்கள் பதிவேட்டை நீங்கள் புரட்டும்போதுதான் உங்கள் பதிவேட்டின் ஓட்டை தெரியும்.

ஆக, தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பட்ஜெட் என்றால் ஏஎஃப்எஸ்என் ஆண்டுக் கூட்டம். கையில் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஏஎஸ்சிஎல்டியின் தலைமைப் பயிற்சி, வேலை நேரத்தில் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு. ஃபோர்சைட் எண்கள் இரண்டாம் ஆண்டுக்கு, முதலில் சொந்த ஆய்வகத்தின் கணக்கு ஒழுங்காக வரட்டும். விசாரணை அறிக்கையை இன்று இரவே.

"கூட்டத்துக்குப் போறப்ப என்ன கொண்டு போகணும் அக்கா?" என்றார். இந்த ஆண்டு உங்கள் பிரிவில் நடந்த ஒரு தவறை, பெயரையும் வழக்கு எண்ணையும் நீக்கி, ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள் என்றேன். இடைவேளையில் யாரிடமாவது அதைக் காட்டி, "உங்க இடத்துல இது நடந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதிலுக்கு அவரும் ஒன்றைச் சொல்வார்.

"மேலிடம் விடுமா?"

"கேட்டுப் பாருங்க தம்பி. பேர் இல்லாத ஒரு பக்கம்தானே. முதல்ல உங்க தர மேலாளர்கிட்ட காட்டுங்க, அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து போய்க் கேளுங்க."

போன வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். தர மேலாளர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு வரியைத் திருத்தியிருக்கிறாராம். விண்ணப்பத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாராம்.