களியக்காவிளையில் ஒரு பைண்டிங் கடையும் என் மனைவியின் வேதாகமமும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலைப் பக்கமாக நடந்தால், கேரள எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் குறுகலான ஒரு மாடிப்படி வரும். பெயர்ப்பலகை கிடையாது. படியேறும்போதே மைதா பசை காய்ச்சும் வாசனை வரும், அதுதான் அடையாளம். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டு பைண்டரே காய்ச்சுகிறார். மலையாளக் கர்க்கடக மாதம் பிறப்பதற்கு முன் ராமாயணங்கள், நோன்புக்கு முன் குர்ஆன்கள், கிறிஸ்துமஸுக்கு முன் நம்முடைய வேதாகமங்கள் என்று அவருடைய வருஷம் ஓடுகிறது. இடைவெளியில் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்.

நான் கொண்டுபோனது என் மனைவியின் தமிழ் வேதாகமம், 'பழைய திருப்புதல்' என்கிற பழைய மொழிபெயர்ப்பு. கைதவறி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். "விழுந்தா மூலைதான் நசுங்கும் சாரே. இது முதுகு ஒடிஞ்சிருக்கு. எறிஞ்சதா?"

ஆமாம், எறிந்ததுதான். அவளை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆவதற்குள், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் சுவரைப் பார்த்து எறிந்தேன். அன்று காலையில் சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருந்தார். பதினேழு மாதம் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள், விடியுமுன் பஸ். சிலுவையில் எல்லாக் கடனும் தீர்ந்தது என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். தீர்ந்த கடனை அவளுடைய சிறுநீரகத்தில் மறுபடி வசூலிப்பானேன்? வட்டிக்காரன்கூட ஒரே சீட்டுக்கு இரண்டு தடவை வாங்க யோசிப்பான். இதை மூப்பரிடம் கேட்கத் தோன்றவில்லை. புத்தகத்தைத்தான் எறிந்தேன்.

"பயப்படாதீங்க, இங்க வர்றதுல எறிஞ்சது நிறைய உண்டு" என்றார் பைண்டர். எந்தெந்த வேதம் என்று நான் கேட்கவில்லை.

வேலை எப்படி என்று சொல்ல வேண்டும். ஒட்டிக் கொடுக்கிற கடை இல்லை இது. பழைய அட்டையைக் கழற்றி, பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகப் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் கொடுத்து, நாடா வைத்துக் கையால் தைக்கிறார். தைப்பதற்கு முன்னால் சொந்தக்காரரைக் கூப்பிட்டு வரிசை சரிதானா என்று பார்க்கச் சொல்கிறார். வேறெங்கும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அருமனையிலிருந்து பஸ் மாறி வர எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பாரங்களை வைத்து, ஆதியாகமத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனேன்.

லேவியராகமம் 16-இல் நின்றுவிட்டேன். பாவநிவிர்த்தி நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப் போடுகிறார்கள். கர்த்தருக்கென்று விழுந்தது பலியாகிறது. மற்றதின் தலையில் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். அதற்கு நம் மொழிபெயர்ப்பில் 'போக்காடு' என்று பெயர். சின்ன வயதில் இது ஏதோ ஒரு காட்டின் பெயர் என்று நினைத்திருந்தேன். பிரசங்கங்களில் பலியான ஆட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். உயிரோடு தனியாக விடப்பட்ட ஆடு அந்த ராத்திரி என்ன செய்திருக்கும்? நகரத்துக்கு வெளியே சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறியவர் இந்த ஆட்டின் இடத்திலும் நின்றவர்தானே. பாவநிவிர்த்தி என்றால் இரண்டு ஆடும் சேர்ந்துதான். ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கு முடித்தால் மூப்பர் மாதிரி டீ குடித்துவிட்டுப் போகலாம்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதான இந்தக் கதறலைப் பற்றிப் பேச எங்கள் சபையில் ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருமுறை நான் பேசினேன். பிதா பாவத்தைப் பார்க்கமாட்டார், அதனால் குமாரனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று விளக்கினேன். நன்றாகப் பேசியதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றும்போது அவள் கேட்டாள்: "அப்போ இருபத்திநாலாம் வசனமோ?" அந்தக் கதறல் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அதே சங்கீதம் 24-ஆம் வசனத்தில், உபத்திரவப்பட்டவனுக்கு அவர் 'தம்முடைய முகத்தை மறைக்காமலும்' இருந்தார் என்கிறது. கஞ்சி ஆறுகிறது என்றோ என்னவோ சொல்லி நழுவிவிட்டேன்.

அவள் பாறசாலைக்காரி, படித்தது மலையாளத்தில். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தாள். ஓரங்களில் பென்சிலால் மலையாளத்தில் குறிப்புகள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. அத்தனை வருஷமும், ஏதோ அர்த்தம் எழுதிவைக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

22-ஆம் சங்கீதத்தின் ஓரத்தைக் காட்டிப் பைண்டரிடம் கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "நீ என்னெ கைவிட்டதெந்து. அதே வசனம்தான் சாரே. ரெண்டு பாஷையிலும் கைவிட்டதுதான்." இன்னும் தள்ளினேன். 88-ஆம் சங்கீதம். கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தையும் இல்லாமல், 'அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று இருட்டில் முடிகிற சங்கீதம். அதன் ஓரத்தில் நான்கு தேதிகள், நான்கும் டயாலிசிஸ் நாட்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல். "இந்நும்" என்று வாசித்தார். "இன்னிக்கும்னு அர்த்தம்." அது எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். தெம்பாக இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தல்லவா சுவரில் எறிந்தேன். அவள் அங்கே எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் புத்தகத்தை மூடாமல்.

தைத்தபின் மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி ஓரத்தைச் சமன் செய்வதுதான் வழக்கம். "வெட்டினா பென்சில் எழுத்து போயிடும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். வெட்ட வேண்டாம் என்றேன். அதனால் ஓரம் மேடும் பள்ளமுமாக, கரையான் தின்றதுபோல் இருக்கிறது. கடையில் அடுக்கியிருந்த மற்ற புத்தகங்களின் அழகு இதற்கு இல்லை. அது என் முடிவு, கடையின் குறை இல்லை.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்று சொல்லி இருபத்தொரு நாள் ஆக்கினார். போன் எடுப்பதில்லை. தையலை இறுக்கிவிட்டதால் உள்பக்கப் பத்தியைப் படிக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிப்பன் ஒரு அங்குலம் குட்டை, கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் வைத்தால் வெளியே தெரியாது. கறுப்பு ரெக்ஸின் நல்ல தடிமன். 650 ரூபாய் வாங்கினார், இந்த உழைப்புக்குக் குறைவுதான். புகை வாடையைப் போக்க வெயிலில் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், போனை எடுத்தால் நாலரை.

கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் தாள்களை எடுத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். அவர் பின் அட்டையின் உள்பக்கம் காலிகோ துணியில் சின்னதாக ஒரு பை வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி ரசீது ஒன்று, மாத்திரைச் சீட்டு, அவளுடைய கடைசிப் புதுவருஷ ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. 'நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.' அட்டையின் பின்புறம் அவள் எதுவும் எழுதவில்லை, திருப்பிப் பார்த்தேன். ரசீதோடு சேர்த்தே திரும்ப வைத்துவிட்டேன். பைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.