கல் துப்பாக்கி சுடச் சொல்லித்தரும் வகுப்பு: காசு கொடுக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வருகிறவர்கள் இப்போது காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். போகிறவர்கள் நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே சில ஊர்களில் பழங்காலச் சக்கிமுக்கித் துப்பாக்கியைச் சுடச் சொல்லித்தரும் ஒரு மணி நேர வகுப்பும் உண்டு. வர்ஜீனியாவில் மச்சானோடு நான் போன வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் வெடிமருந்தும் குண்டும் இடுவதை உங்கள் கையால் செய்யவிடுகிற இடமாகக் கேட்டுப் போங்கள். எல்லாவற்றையும் அவர்களே நிரப்பி, விசையை இழுக்க மட்டும் உங்களிடம் நீட்டுகிற இடங்களும் இருக்கின்றன, அதற்குக் கொடுக்கிற காசு தண்டம்.

நம்ம ஊரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குழல்வாயில் மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டும்; ஜவ்வாது மலைப் பக்கம் யார் வீட்டிலோ ஒன்று பிடிபட்டது என்று பேப்பரில் அவ்வப்போது வரும். அங்கே சட்டம் வேறு, இந்தப் பழைய மாதிரிகளைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கையில் கொடுத்தது 'பிரவுன் பெஸ்' என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் நகல், அதிலும் 'இந்தியா பேட்டர்ன்' என்ற வகை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகச் செய்யச் சொன்ன மாதிரி இது. 1790-களில் பிரான்ஸோடு சண்டை மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டிஷ் ராணுவமே கம்பெனியிடமிருந்து வாங்கி, பிறகு தன் மாதிரியாகவும் எடுத்துக்கொண்டது. குழல் 39 அங்குலம், எடை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிடிக்கும்போது கனம் தெரியாது, தோளில் வைத்து இரண்டு நிமிஷம் நின்றால் இடதுகை நடுங்க ஆரம்பிக்கும்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது கல்லைக் கவ்வியிருந்த தோல். குதிரை என்பது விசையை இழுத்ததும் கல்லோடு முன்னால் பாய்ந்து அடிக்கிற இரும்புக் கொக்கி; அதன் இரண்டு தாடைக்கும் நடுவில் சக்கிமுக்கிக் கல்லை ஒரு சின்னத் தோல் துண்டால் சுற்றி வைத்து, மேலே திருகை இறுக்கியிருக்கிறார்கள். தோல் இல்லாமல் இறுக்கினால் இரும்பில் கல் வழுக்கும், அல்லது அடியில் பொடிந்துவிடும். மேல்விஷாரத்தில் தோல் வியாபாரத்தில் வளர்ந்தவன் என்பதால் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை; பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான், மெல்லியது, ஓரம் கரிப்புகையில் கறுத்திருந்தது. சொல்லித்தந்த பெரியவர் நான் துப்பாக்கியை விட்டுவிட்டுத் தோலைத் தடவுவதைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் வேலை. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். பக்கத்துக் கிண்ணத்தில் துளி மருந்து போட்டு எஃகு மூடியைச் சாய்க்க வேண்டும், துப்பாக்கியை நிமிர்த்திக் குழல்வாயில் மீதி மருந்தைக் கொட்டி, காகிதத்தோடு குண்டையும் விட்டு, குழலுக்கடியில் செருகியிருக்கும் நீளக் கம்பியான கெஜக்கோலால் இடித்து, கோலை அதன் இடத்தில் திரும்பச் செருகி, குதிரையை முழுசாக இழுத்த பிறகுதான் தோளுக்கே கொண்டுபோக வேண்டும். பழகின சிப்பாய் இதை நிமிஷத்துக்கு மூன்று தடவை செய்வான். எங்களுக்கு ஒரு தடவைக்கே இரண்டு மூன்று நிமிஷம் பிடித்தது, அதுவும் எதிரே யாரும் ஈட்டியோடு வராதபோது!

விசையை இழுத்தால் உடனே வெடிக்காது. கல் எஃகில் உரசிப் பொறி கிண்ணத்தில் விழுந்து, கண்ணுக்குப் பக்கத்தில் குப்பென்று எரிந்து, சின்னத் துளை வழியாக உள்ளே போய்த்தான் பெரிய வெடி. அந்த இடைவெளியில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், குண்டு எங்கேயோ போகிறது. குழல் விட்டம் முக்கால் அங்குலம், குண்டோ அதைவிடச் சின்னது. உள்ளே குண்டைச் சுழலவைக்கிற வரிப்பள்ளமும் கிடையாது, குறிபார்க்கப் பின்பக்கக் குறிமுள்ளும் கிடையாது. நூறு கெஜத்துக்கு அப்பால் ஒருவரைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். அதனால்தான் அந்தக் காலத்தில் வரிசையாக நிறுத்திச் சேர்ந்து சுடவைத்தார்கள். வாசனையை மட்டும் சொல்லித்தர வேண்டாம், தீபாவளி காலை மூக்குக்குத் தெரியும். வெடியுப்பு, கரி, கந்தகம், அதே மூன்றுதான்.

நடுவில் மச்சானுக்கு வெடிக்கவே இல்லை. "மாமா, கல்லு மழுங்கிடுச்சு போல" என்று திரும்பப் பார்த்தான். பெரியவர் அவன் தோளைப் பிடித்து முன்பக்கமே நிறுத்தி, ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். உள்ளே தீ தங்கியிருந்து தாமதமாக வெடிக்கலாம். அந்தக் கண்டிப்புக்காகவே இந்த இடத்துக்கு நல்ல மார்க் கொடுப்பேன். மச்சான் இடதுகைக்காரன் என்பது இன்னொரு தொல்லை: கிண்ணம் வலப்பக்கம் இருப்பதால் இடத்தோளில் வைத்தால் தீ முகத்துக்கு நேராக வரும். கடைசிவரை வலத்தோளில்தான் சுட்டான், எரிச்சலோடு.

குறை என்றால் ஒன்று. மருந்தை முன்கூட்டியே அளந்து பிளாஸ்டிக் குப்பிகளில் வைத்திருந்தார்கள், மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிப்பதைச் செய்து காட்டினார்களே தவிர எங்களை விடவில்லை. இந்த இடத்தில் ஒரு விஷயம்: கொழுப்புத் தடவிய தோட்டாக் கதையை நம்மவர்கள் பலர் 1806 வேலூர்ப் புரட்சியிலும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது 1857, என்ஃபீல்டு ரைஃபிள். வேலூரில் தகராறு புதுத் தலைப்பாகை, அதில் வைத்த தோல் பட்டை, நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவு இவற்றால் வந்தது. சிப்பாய்கள் பிடித்திருந்தது இந்தக் கல் துப்பாக்கியைத்தான்.

அந்த 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை மதில்மேல் ஒதுங்கிய வெள்ளைக்கார 69-ஆவது ரெஜிமென்ட்காரர்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது, ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி கயிற்றில் மேலே ஏறி அவர்களைச் சேர்த்துக்கொண்டு துப்பாக்கி முனையில் செருகும் கத்தியான பயோனெட்டால்தான் தாக்கினார். வேலூர் மக்கானில் இருக்கும் அந்தப் புரட்சியின் நினைவுத்தூணைக் கடந்து எத்தனையோ முறை போனவன், ஆனால் தோட்டா இல்லாத கல் துப்பாக்கி வெறும் கைப்பிடிக் கட்டை என்பது ஒருமுறை நிரப்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நிரப்புவதை நீங்களே செய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கட்டணம் நூறு டாலருக்கு மேல், முன்பதிவு வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் அவர்களே தருகிறார்கள். பாலியஸ்டர் வேண்டாம், பருத்திச் சட்டை போட்டுப் போங்கள், பொறி தெறிக்கும். சுடுகிறவருக்கு வலப்பக்கம் ஒட்டி நிற்காதீர்கள், துளையிலிருந்து பக்கவாட்டில் தீ பாய்கிறது. முடிந்ததும் குழலை வெந்நீர் விட்டுக் கழுவுவதையும் இருந்து பாருங்கள். வடிகிற தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வரும், கழுவாமல் விட்டால் துரு பிடித்துவிடும். அன்று போட்ட உடுப்பைத் துவைக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள், மருந்துத் தூசு சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது.