நிப்பான் சீரீஸ்: நெடுநாள் பார்வையாளர் அனுபவம். ஏழாவது ஆட்டத்தை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள்

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் சாம்பியன் யார் என்று முடிவாகும் நிப்பான் சீரீஸை ஒரு வருடம் பார்த்துவிட்டு எடைபோட முடியாது. முதல் வருடம் ஹோம் ரன்னும் டிரம்பெட் சத்தமும்தான் மனதில் நிற்கும். தொடர்ந்து பார்த்தால்தான் அட்டவணை, மைதானம், விதிப்புத்தகம் மூன்றும் பாதி ஆட்டத்தை ஆடிவிடுகின்றன என்பது பிடிபடும்.

அடிப்படை எளிது. 1950-லிருந்து சென்ட்ரல் லீக் அணியும் பசிபிக் லீக் அணியும் மோதுகின்றன. முதலில் 4 வெற்றி பெறும் அணிக்குக் கோப்பை. முதல் 2 ஆட்டம் ஒரு ஊரில், அடுத்த 3 மற்ற ஊரில், கடைசி 2 மறுபடி முதல் ஊரில். இரட்டைப்படை ஆண்டில் சென்ட்ரல் அணியின் மைதானத்திலும் ஒற்றைப்படை ஆண்டில் பசிபிக் அணியின் மைதானத்திலும் தொடங்கும். வழக்கமான அட்டவணையில் சனி, ஞாயிறு ஆட்டம், திங்கள் பயணம், செவ்வாய் முதல் வியாழன் வரை ஆட்டம், வெள்ளி பயணம், மீண்டும் சனி, ஞாயிறு.

இந்த அட்டவணைக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜப்பானில் தொடக்கப் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர், பொதுவாக வாரம் ஒரு முறைதான் வீசுவார். முதல் சனிக்கிழமை வீசியவர் அடுத்த சனிக்கிழமை ஆறாவது ஆட்டத்துக்குச் சரியாகத் தயாராகிவிடுவார். 2023-ல் ஓரிக்ஸ் அணியின் யமமோட்டோ யோஷினோபு முதல் ஆட்டத்தில் ஹான்ஷின் அணியிடம் 7 ரன் கொடுத்துத் தோற்றார். ஆறாவது ஆட்டத்தில் அதே அணிக்கு எதிராக 138 பந்து வீசி, 14 பேரை ஸ்டிரைக்அவுட் செய்து (அடிக்கவிடாமல் அவுட்டாக்கி), தனியாளாக முழு ஆட்டத்தையும் முடித்தார். முதல் ஆட்டம் எப்படிப் போனாலும் ஆறாவதைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கூரையில்லாத மைதானமாக இருந்தால் இந்தக் கணக்கை மழை கலைக்கும். 2024-ல் யோகோஹாமாவில் நடக்கவிருந்த ஆறாவது ஆட்டம் நவம்பர் 2-லிருந்து 3-க்குத் தள்ளிப்போனது.

இனி டிக்கெட். ஏழாவது ஆட்டத்துக்கு விமானமும் விடுதியும் போட்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது: 2014 முதல் 2025 வரையான 12 தொடர்களில் ஏழாவது ஆட்டம் நடந்தது 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில். ஐந்து தொடர்கள் ஆறாவது ஆட்டத்திலும் மூன்று ஐந்தாவதிலும் முடிந்தன; 2019, 2020 இரண்டும் நான்கே ஆட்டத்தில் சுருண்டன. நடக்காத ஆட்டத்தின் டிக்கெட் பணம் திரும்பி வரும், விடுதிப் பணம் வராது. நிச்சயமாக நடப்பவை முதல் நான்கு மட்டும். அதிலும் மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் வாரநாளில் வருவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். விற்பனை பெரும்பாலும் குலுக்கல். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு முதல் சுற்று, மிச்சம் இருந்தால் பொதுமக்களுக்கு. கள்ள விலையில் கைமாற்றுவது 2019 ஜூன் முதல் சட்டப்படி குற்றம், அந்த வழியை மறந்துவிடுங்கள். யார் ஆடப்போகிறார்கள் என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியவரும். 2024-ல் யோகோஹாமா அணி தகுதி பெற்றது அக்டோபர் 21, முதல் ஆட்டம் 26.

ஆட்டம் டிராவாகவும் முடியும் என்பது புதியவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. வழக்கமான 9 இன்னிங்ஸில் சமமாக நின்றால் ஆட்டம் நீளும்; ஆனால் இப்போதைய விதிப்படி ஏழாவது ஆட்டம் வரை 12 இன்னிங்ஸ்தான். அதற்குள் முடிவு வராவிட்டால் அந்த ஆட்டம் யார் கணக்கிலும் சேராது. 2018 தொடரின் முதல் ஆட்டமும் 2022 தொடரின் இரண்டாவது ஆட்டமும் அப்படிப் போனவை. முன்பு வரம்பு 15 இன்னிங்ஸாக இருந்தது. 2010-ல் நகோயாவில் சுனிச்சி, லோட்டே அணிகள் 5 மணி 43 நிமிடம் ஆடி 2-2 என்று கலைந்தன. தொடர் எட்டாவது ஆட்டம் வரை போனது ஒரே முறை, 1986-ல். முதல் ஆட்டம் டிரா, அடுத்த மூன்றில் தோல்வி, பிறகு வரிசையாக நான்கு வெற்றி என்று செய்பு அணி ஹிரோஷிமாவைக் கவிழ்த்தது.

சொந்த மைதானம் என்பதும் எழுத்தில் இருக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. இந்தத் தொடரின் பழைய நோய் இது. 2000-ல் ஃபுகுவோகா டோம் (கூரையிட்ட மைதானம்) மருத்துவர் மாநாட்டுக்கு வாடகைக்குப் போயிருந்ததால், அங்கே மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி விட வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் ஒரே அணியின் ஜாம்பவான்களான நகஷிமாவும் ஓவும் எதிரெதிர் மேலாளர்களாக நின்ற தொடருக்கு இந்த நிலைமை! 2020-ல் டோக்கியோ டோமில் நிறுவன அணிகளின் போட்டி நடந்ததால் டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணி தன் ‘சொந்த’ ஆட்டங்களை ஒசாகாவில் ஆடியது. 2021-ல் யகுல்ட் அணி கல்லூரிப் போட்டிக்காகத் தன் சொந்த மைதானமான ஜிங்கூவை விட்டு டோக்கியோ டோமுக்குப் போனது. அதே ஆண்டு ஓரிக்ஸின் ஆறாவது ஆட்டம் ஒசாகா டோமிலிருந்து கோபேயின் திறந்த மைதானத்துக்கு மாறியது. நவம்பர் 27 இரவு, 12 இன்னிங்ஸ், ஐந்து மணி நேரம். கூரை இருக்கும் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அணியின் பெயரைப் பார்த்து விடுதி போடாமல், அந்த ஆண்டின் ஆட்ட இடப் பட்டியல் வந்த பிறகு போடுங்கள்.

அதிகம் சர்ச்சையாவது டி.எச். விதி, அதாவது பிட்சருக்குப் பதில் பேட் பிடிக்க மட்டும் ஒருவரை நிறுத்துவது. பசிபிக் அணியின் மைதானத்தில் அது உண்டு, சென்ட்ரல் மைதானத்தில் இல்லை. சென்ட்ரல் ஊருக்குப் போகும் பசிபிக் மேலாளர் தன் கனமான பேட்டரை உட்கார வைக்க வேண்டும். இல்லையேல் ஓடத் தெரியாதவரை இடது அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியில்) நிறுத்திவிட்டுப் பந்து அந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பிரார்த்திக்க வேண்டும். எதிர்த்திசையில் போகும் சென்ட்ரல் அணி பெஞ்சிலிருந்து ஒருவரை எழுப்பி அந்த இடத்தை நிரப்பும். 2013 முதல் 2020 வரை எட்டு ஆண்டும் பசிபிக் அணிகளே வென்றதற்கு இதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. வருடம் முழுக்க ஒன்பது நிஜ பேட்டர்களுக்கு வீசிய பிட்சர் உரமேறிப்போவது இயல்புதான். ஆனால் அந்த எட்டில் ஆறு கோப்பை ஃபுகுவோகாவின் சாஃப்ட்பேங்க் என்ற ஒரே அணியுடையது. அந்த அணி மூன்றாம் நிலை அணி வைத்து ஆள் வளர்த்தது. 2018-ல் திருட்டு ஓட்டம் ஓடிய, அதாவது பிட்சர் வீசும்போதே அடுத்த தளத்துக்கு நழுவப் பார்த்த ஆறு பேரைத் தொடர்ந்து அவுட்டாக்கி தொடர் நாயகனான கேட்சர் காய் தகுயா, பயிற்சி ஒப்பந்தத்தில் கடைநிலையில் சேர்ந்தவர். விதியை விட இந்த ஆழம்தான் பெரிய காரணம் என்பது என் தீர்ப்பு.

ஒரே ஒரு உறுத்தல், கிளைமாக்ஸ் சீரீஸ், அதாவது ஒவ்வொரு லீக்கிலிருந்தும் இந்தத் தொடருக்கு யார் போவது என்று முடிவாகும் தகுதிச் சுற்று. 2007 முதல் இரண்டு லீக்கிலும் மூன்றாவதாக வந்த அணியும் உள்ளே வரலாம். 2024-ல் 71 வெற்றி, 69 தோல்வியோடு மூன்றாவதாக வந்த யோகோஹாமாதான் சாம்பியன். ஆனால் சொந்த ஊரில் முதல் இரண்டையும் தோற்று, ஃபுகுவோகா போய் மூன்றையும் வென்று திரும்பிய அணியைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

மைதானத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். அவுட்ஃபீல்டு இருக்கைகள் ரசிகர் படையின் கோட்டை. பெரும்பாலான மைதானங்களில் வலப்பக்கம் உள்ளூர், இடப்பக்கம் வெளியூர். எதிரணி நிறத்தில் சட்டை போட்டு அங்கே உட்கார விடமாட்டார்கள். தன் அணி பேட் செய்யும்போது மட்டும் பாட்டு, எதிரணி முறையில் அமைதி. கேன், கண்ணாடிப் பாட்டில் உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். கோப்பை கையளிப்பு வரை இருங்கள். தோற்ற அணியிலும் ஒருவருக்குப் போராட்டக்குண விருது உண்டு, அதை வாங்க வருபவரின் முகம் பார்க்க வேண்டியது.

சென்ட்ரல் லீக் 2027 முதல் டி.எச். விதியை ஏற்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. முன்னர் சொன்ன 1986 தொடர் முழுக்க டி.எச். இல்லாமல் நடந்தது. மூன்று தோல்விக்குப் பிந்தைய ஐந்தாவது ஆட்டத்தில், 12-வது இன்னிங்ஸில் வெற்றி ரன்னை அடித்தவர் செய்புவின் பிட்சர் குதோ கிமியாசு. இன்னொரு பிட்சர் அப்படி அடிப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் 2026 தொடரின் சென்ட்ரல் மைதான ஆட்டங்களுக்கு டிக்கெட் போடுங்கள்.